குட்டிகளின் பின்கால் தள்ளாட்டம்: தாமிரக் குறைவா என்பதை எப்படிச் சோதித்து அறிவது?

கேள்வி: கரிசல்பட்டி

அனைவருக்கும் வணக்கம். விளாத்திகுளத்துக்கு வடக்கே கரிசல் காட்டில் 140 வேம்பூர்ப் பொட்டு ஆடுகளை மேய்த்து வருகிறேன். அறுவடை முடிந்த சோளக்காடு, மக்காச்சோளக்காடு, உளுந்துக்காடு ஆகியவற்றில் கிடை போடுவோம். கோடையில் சீமைக்கருவேல நெற்றும் கண்மாய்க்கரைப் புல்லும்தான் மேய்ச்சல். கண்மாய் வற்றிய பிறகு ஆடுகள் குடிப்பது உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரை.

கார்த்திகையிலும் மார்கழியிலும் 62 குட்டிகள் பிறந்தன. பிறந்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. ஐந்தாறு வாரம் ஆனதும், மந்தையை விரட்டும்போது சில குட்டிகளின் பின்பகுதி இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது. சிறிது தூரம் ஓடியதும் பின்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, குட்டி நாய் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிடுகிறது. சற்று நேரம் கழித்துத் தானாக எழுந்து நடக்கிறது. காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறது, கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. இப்படி 9 குட்டிகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 முற்றிலும் எழ முடியாமல் கிடந்து இறந்துவிட்டன. சென்ற ஆண்டு 3 குட்டிகளுக்கு இதே நிலை வந்தபோது சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் தடவியதோடு விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போது மனம் உறுத்துகிறது.

தாய் ஆடுகள் மெலிந்துவிடவில்லை. ஆனால் சிலவற்றின் செம்பொட்டு, பழைய துணி வெளுப்பதுபோல் மங்கி மஞ்சளாகத் தெரிகிறது. குடற்புழு நீக்கம் ஐப்பசியில் செய்தேன். ஒரு மருந்துக்கடையில் கேட்டபோது, இது தாமிரக் குறைவுதான் என்றும், மாட்டுக்குக் கொடுக்கும் தாது உப்புக் கலவையை எல்லா ஆடுகளுக்கும் தினமும் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். எந்தச் சோதனையும் செய்யாமல் 140 ஆடுகளுக்கு ஒன்றைக் கொடுக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எந்தத் தனிமம் குறைகிறது என்பதை உறுதிசெய்ய இரத்தம், கல்லீரல், தீவனம், மண் ஆகியவற்றில் எதைச் சோதிக்க வேண்டும், எத்தனை ஆடுகளில் சோதிக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

உங்கள் தயக்கம் மிகவும் சரியானது. அந்தக் கலவையை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் விவரித்திருப்பது, தாமிரக் குறைவால் முதுகுத்தண்டு நரம்புகளின் மேலுறை சரியாக வளராத குட்டிகளில் காணும் தாமதமான தள்ளாட்டத்தோடு பொருந்துகிறது. பிறக்கும்போதே எழ முடியாத வகையும் உண்டு. பிறந்து சில வாரங்களோ மூன்று நான்கு மாதங்களோ கழித்து வெளிப்படும் இந்த வகையில் குட்டியின் அறிவு தெளிவாக இருக்கும், பசி இருக்கும், பின்கால்கள் மட்டும் கட்டுப்படாது. பொட்டு வெளுப்பதும் முக்கியமான தடயம். முடிக்கு நிறம் தரும் நொதி தாமிரம் இல்லாமல் வேலை செய்யாது. கறுப்புக் கம்பளி ஆடுகளில் இது வெளுத்த பட்டையாகவே தெரியும். உங்கள் ஆடுகளுக்குக் கம்பளி இல்லாததால் பொட்டில் தெரிகிறது.

ஆனாலும் பொருந்துகிறது என்பது வேறு, உறுதியானது என்பது வேறு. முதலில் மற்ற நோய்களை விலக்குங்கள். சுற்று நோயில் ஆடு ஒரே பக்கமாகச் சுற்றும், தலையைச் சாய்க்கும், ஒரு கண்ணில் பார்வை குறையும். அது பெரும்பாலும் உங்கள் குட்டிகளைவிட வயது கூடியவற்றில் வரும். தொப்புள் வழியாகத் தொற்று ஏறிய குட்டிக்கு மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும். மூளையைத் தாக்கும் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாத் தொற்றில் காய்ச்சலும், ஒரு காது தொங்குவதும், வாயிலிருந்து எச்சில் வடிவதும் இருக்கும். முதுகெலும்பில் சீழ்க்கட்டி இருந்தால் ஒரே பட்டியில் 9 குட்டிகளுக்கு ஒரே மாதிரி வராது. கீழ் இமையை இழுத்துப் பார்த்து உள்தோல் வெளிறியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஐப்பசியில் மருந்து கொடுத்திருந்தாலும் சாணத்தில் முட்டை எண்ணிக்கை பார்ப்பது அவசியம். புழு மருந்துக்குப் பழகிவிட்டிருக்கலாம். அந்தப் புழு வயிற்றின் அமிலத்தைக் குறைத்து, தாமிரம் உடலில் சேர்வதையும் தடுக்கும்.

அடுத்து, உங்கள் மண்ணைப் பற்றி. தாமிரக் குறைவு என்றவுடன் மண்ணிலோ புல்லிலோ தாமிரம் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். செம்மறி ஆட்டில் பல நேரங்களில் உண்மை வேறாக இருக்கிறது. தீவனத்தில் தாமிரம் போதுமான அளவு இருந்தும், அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருள்கள் கூடவே வருகின்றன. மாலிப்டினமும் கந்தகமும் ஆட்டின் பெருவயிற்றில் சேர்ந்து தயோமாலிப்டேட் என்னும் கூட்டுப்பொருளாகி, தாமிரத்தை விடாமல் பற்றிக்கொண்டு சாணத்தோடு வெளியேறிவிடுகின்றன. கரிசல் போன்ற காரத்தன்மை மிகுந்த மண்ணில் செடிகள் மாலிப்டினத்தை எளிதாக உறிஞ்சுகின்றன. உப்புத் தண்ணீரில் சல்பேட் அதிகமாக இருந்தால் அதுவே கந்தகத்தைச் சேர்க்கும். கோடையில் கட்டைப்புல்லைக் கடிக்கும்போது ஆடு விழுங்கும் மண்ணில் இருக்கும் இரும்பும் தடையாகிறது. ஆகவே மண் பரிசோதனை மட்டும் செய்து, தாமிரம் போதுமானது என்று சீட்டு வாங்கிவந்தால் அது ஆட்டைப் பற்றி எதையும் சொல்லாது. தீவனத்தில் தாமிரம் எவ்வளவு என்பதோடு, மாலிப்டினத்துக்கு அது எத்தனை மடங்கு என்பதையும் பார்க்க வேண்டும். அந்த விகிதம் 2-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து.

இரத்தமா கல்லீரலா என்று கேட்டீர்கள். கல்லீரல்தான் குதிர், இரத்தம் அடுக்களைப் பானை. குதிரில் தானியம் இருக்கும்வரை பானை குறைவதே இல்லை. குதிர் ஏறக்குறையக் காலியான பிறகுதான் பானையில் குறைவு தெரியும். அதனால் இரத்தத்தில் தாமிரம் சரியாக இருப்பதாக வரும் அறிக்கையை நம்பி நிம்மதி அடைய முடியாது. தொற்று, தடுப்பூசி, காயம் ஆகியவற்றால் இரத்தத் தாமிரம் தற்காலிகமாக உயரவும் செய்யும். பொதுவாக இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் லிட்டருக்கு 0.6 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.3-க்குக் கீழே இறங்கினால் அறிகுறிகள் தெரியக்கூடிய நிலை. கல்லீரலில் உலர் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குதிர் காலி என்று பொருள். 100 முதல் 500 வரை இயல்பு. அதற்கு மேலே போனால் எதிர்ப்பக்க ஆபத்து தொடங்குகிறது.

அந்த எதிர்ப்பக்கம்தான் கலவையைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம். மாடு தாங்கும் தாமிரத்தைச் செம்மறி தாங்காது. தேவைக்கு மேல் வரும் தாமிரத்தைச் செம்மறியால் பித்தநீர் வழியாகப் போதுமான அளவு வெளியேற்ற முடிவதில்லை. அது கல்லீரலில் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பயணமோ பட்டினியோ திடீர் மழையோ வந்தவுடன் அத்தனையும் இரத்தத்தில் கொட்டிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

இறந்த குட்டி இருந்தால் புதைக்காமல் உடனே பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். மூளையையும் முதுகுத்தண்டையும் 10 சதவீத ஃபார்மலினில் வைத்துத் திசுப் பரிசோதனைக்கும், கல்லீரலின் ஒரு துண்டை ஃபார்மலின் இல்லாமல் உறையவைத்துத் தாதுப் பரிசோதனைக்கும் அனுப்பினால், உங்கள் கேள்விக்கு அந்த ஒரு குட்டியிலிருந்தே பாதிப் பதில் கிடைத்துவிடும். உங்கள் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்குத் தொலைவில்லை.

இந்த நோயின் காரணம் தெரியவந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜிஞ்ஜின் என்னும் ஊரைச் சுற்றிய மேய்ச்சல் நிலங்களில் குட்டிகள் இப்படியே தள்ளாடி விழுந்தன. பென்னெட்ஸ், சாப்மன் ஆகிய இருவரும் 1937-ல் அதற்குத் தாமிரக் குறைவே காரணம் என்று நிறுவினார்கள். சினை ஆடுகளுக்குத் தாமிரம் கொடுத்த பிறகு குட்டிகள் நலமாகப் பிறந்தன. ஏற்கெனவே தள்ளாடும் குட்டியின் நரம்பு திரும்ப வளர்வதில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் காப்பாற்றக்கூடியது அடுத்த ஈற்றைத்தான்.

பதில் 2: கம்பம் பள்ளத்தாக்கு

மருத்துவர் ஐயா சொன்ன எதிர்ப்பக்கத்தை நான் என் பட்டியில் கண்ணால் பார்த்தவன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆடுகள் மெலிந்தபோது, கடையில் சொன்னபடி மாட்டுத் தாது உப்பைத் தவிட்டில் கலந்து இரண்டரை மாதம் கொடுத்தேன். அதே காலத்தில் திராட்சைத் தோட்டங்களின் வரப்பிலும் கொடிக்கு அடியிலும் மேய விட்டேன். திராட்சைக்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பதும் மயில்துத்தமே, அதாவது தாமிர சல்பேட்டே என்பது தெரிந்திருந்தும், அது அடியில் உள்ள புல்லில் படியும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

சந்தைக்கு லாரியில் ஏற்றிப் போய் விற்காமல் திரும்பிய மறுநாள், ஒரு பெட்டை ஆடு தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளரைத்துப் பூசியதுபோல் இருந்தது. மூத்திரம் கடுங்காப்பியின் நிறத்தில் போனது. மூன்று நாளில் 6 ஆடுகள் இறந்தன. அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் துப்பாக்கிக் குழாயின் கருநீல நிறத்தில் இருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. இறந்தவை எல்லாம் பட்டியிலேயே நன்றாகத் தின்று கொழுத்த ஆடுகள். தவிட்டுத் தொட்டியில் முண்டிக்கொண்டு நின்றவைதான் அதிகம் தின்று போய்ச்சேர்ந்தன, ஒதுங்கி நின்ற நோஞ்சான்கள் பிழைத்தன.

உடல் மெலிந்ததற்குக் காரணம் வயிற்றுப்புழு என்பது அதன் பிறகே சாணப் பரிசோதனையில் தெரிந்தது. அந்தச் சோதனையை முதல் வாரத்திலேயே செய்திருந்தால் அந்த ஆறும் உயிரோடு இருந்திருக்கும். ஆகவே, தாதுக் கலவைப் பையை வாங்கும்போது செம்மறிக்கு என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா, அதில் தாமிரம் எவ்வளவு என்று பார்க்காமல் தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்.

பதில் 3: ஆய்வகப் பணியாளர்

நான் கால்நடைத் தீவனமும் இரத்தமும் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். எங்களிடம் வரும் மாதிரிகளில் பயன்படாமல் போகிறவை பெரும்பாலும் எடுத்த விதத்தால்தான் வீணாகின்றன. அதனால் எடுக்கும் முறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நோய்வாய்ப்பட்ட ஆட்டில் மட்டும் இரத்தம் எடுக்காதீர்கள். காய்ச்சலும் பட்டினியும் துத்தநாகத்தைக் கீழே இழுக்கும், தாமிரத்தை மேலே தள்ளும்; அறிக்கையைப் படித்தால் இல்லாத குறை தெரியும், இருக்கும் குறை மறைந்துவிடும். ஒரே வயது, ஒரே மேய்ச்சல் உள்ள தாய் ஆடுகளில் நலமாகத் தெரிபவற்றையும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏழுக்குக் குறைந்தால் பட்டியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. குட்டிகளில் தனியாக இன்னொரு பத்து எடுத்தால் நல்லது.

தாமிரத்துக்கும் துத்தநாகத்துக்கும் நுண்தனிமச் சோதனைக்கென்றே வரும் கருநீல மூடிக் குழாயைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசிந்து இரத்தத்தில் சேரும். அப்படி வந்த மாதிரியில் துத்தநாகம் போதுமானது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், அது மூடியில் இருந்த துத்தநாகத்தைப் பற்றிய அறிக்கையாக இருக்கும். தாமிரத்துக்கு உறையவிட்டு எடுக்கும் சீரத்தைவிட, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் சேர்த்த பிளாஸ்மா நல்லது. இரத்தம் உறையும்போது தாமிரத்தைச் சுமக்கும் புரதத்தில் ஒரு பகுதி உறைந்த கட்டியில் சிக்கிக்கொள்வதால், சீரத்தில் அளவு குறைவாகத் தெரியும். எதில் எடுத்தீர்கள் என்பதைக் குழாயின் மேலேயே எழுதுங்கள், சென்ற முறை சீரம், இந்த முறை பிளாஸ்மா என்றால் ஒப்பிடவே முடியாது. இரத்தம் குலுங்கிச் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டாலும் அளவு மாறும். ஆகவே குழாயை மெதுவாக நாலைந்து முறை கவிழ்த்துவிட்டுப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

செலினியத்துக்கு முழு இரத்தமே வேண்டும். செலினியத்தால் இயங்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்னும் நொதி சிவப்பணுவுக்குள் இருக்கிறது. சிவப்பணு உருவாகும்போதே நொதி அதில் சேர்ந்துவிடுவதால், அந்தச் சோதனை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் ஆடு தின்றதைச் சொல்லும். சீரத்தில் பார்க்கும் செலினியம் சமீபத்திய நாட்களைச் சொல்லும்.

கல்லீரலுக்கு ஆட்டை வேண்டுமென்று கொல்ல வேண்டியதில்லை. உங்கள் பட்டியிலிருந்து கறிக்கடைக்குப் போகும் வயதான ஆடுகளின் கல்லீரலில் கட்டைவிரல் அளவு துண்டு கேட்டு வாங்கினால் போதும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தியால் வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு உறையவையுங்கள். செம்புப் பாத்திரத்திலோ பித்தளைத் தட்டிலோ வைத்துவிடாதீர்கள். முடிவு வரும்போது அது ஈர எடையிலா உலர் எடையிலா என்று கட்டாயம் கேளுங்கள். கல்லீரலில் ஏறக்குறைய 70 சதவீதம் நீர் என்பதால், இரண்டுக்கும் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. இந்த ஒரு குழப்பத்தால் நலமான பட்டிக்குத் தாமிரம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

தீவன மாதிரி எடுக்க, மந்தையின் பின்னாலேயே ஒரு மணி நேரம் நடந்து, ஆடு எதைக் கடிக்கிறதோ அதே செடியின் அதே பாகத்தைக் கையால் கிள்ளுங்கள். ஆடு தொடாத தண்டையும் சேர்த்து வெட்டிக்கொண்டு வந்தால் அது ஆட்டின் தீவனமாகாது. மண் ஒட்டாமல், காகிதப் பையில் போட்டு, நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். தாமிரம், மாலிப்டினம், கந்தகம், இரும்பு நான்கையும் கேளுங்கள். தாமிரம் மட்டும் கேட்டால் பணம் வீண். ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு லிட்டர் எடுத்துச் சல்பேட் பார்க்கச் சொல்லுங்கள். தீவனப் பகுப்பாய்வுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தனி ஆய்வகம் இருக்கிறது. எந்தத் தனிமத்தைச் செய்கிறார்கள் என்று முன்கூட்டியே பேசிவிட்டு அனுப்புங்கள். எல்லா ஆய்வகத்திலும் மாலிப்டினம் பார்ப்பதில்லை.

பதில் 4: கால்நடை ஊட்டவியல் ஆய்வு மாணவர்

மேலே எழுதியவற்றோடு நான் உடன்படுகிறேன். தாமிரத்திலேயே கண்ணை வைத்துவிடாமல் மற்றவற்றையும் ஒரு முறை பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அயோடின் குறைந்தால் குட்டி முடியில்லாமலோ தொண்டை வீங்கியோ பிறக்கும். மரவள்ளித் தோலும் சவுண்டல் தழையும் அதிகம் தின்னும் சேலம், நாமக்கல் பக்கத்து ஆடுகளில் அதை முதலில் நினைக்க வேண்டும், ஏனெனில் அவற்றில் உள்ள பொருள்கள் தைராய்டின் வேலையைத் தடுக்கின்றன. அதற்கு இரத்தத்தைவிட எளிய சோதனை, இறந்து பிறந்த குட்டியின் தைராய்டை எடுத்து எடை பார்ப்பது. குட்டியின் எடையில் கிலோவுக்கு 0.4 கிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகிக்க வேண்டும். செலினியம் குறைந்த குட்டி விறைத்து நடக்கும், தொடைச்சதை வெளுத்திருக்கும். தள்ளாட்டத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. கார மண்ணில் செலினியம் பொதுவாகச் செடிக்குக் கிடைத்துவிடும் என்பதால் கரிசலில் அதன் வாய்ப்பு குறைவு. பஞ்சாபில் நவான்ஷகர், ஹோஷியார்பூர் பகுதிகளில் செலினியம் மிகுந்துபோய்க் கால்நடைகளின் குளம்பே கழன்ற வரலாறு உண்டு. ஆகவே சோதிக்காமல் செலினியம் ஊசி போடுவதும் தாமிரத்தைப்போலவே அபாயம்.

எனக்கு அதிக அக்கறை உள்ளது கோபால்ட். பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் கோபால்டிலிருந்துதான் வைட்டமின் பி12-ஐ உண்டாக்குகின்றன. பால்குடி மறந்த குட்டிகள் நல்ல மேய்ச்சலிலும் தேறாமல், கண்ணில் நீர் வடிந்து கன்னத்தில் காய்ந்து, வெளிறி மெலிந்தால் அதை நினைக்க வேண்டும். இரத்தத்தில் பி12 பார்க்கலாம், ஆனால் ஆடுகளை நாள் முழுக்கப் பட்டினியாக அடைத்துவைத்து எடுத்தால் அளவு மாறிவிடும். மேய்ச்சலிலிருந்து வந்தவுடன் எடுக்க வேண்டும்.

இதில் எந்த ஆய்வகத்தைவிடவும் நம்பகமானது உங்கள் பட்டியிலேயே செய்யக்கூடிய சோதனை. பால் மறந்த, ஏறக்குறைய ஒரே எடையுள்ள 30 குட்டிகளை எடுத்து, வரிசையில் வரும்போது ஒன்றுவிட்டு ஒன்றாகக் காதில் இரு நிறத் தோடு போடுங்கள். ஒரு நிறத்துக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பி12 ஊசி, மற்றதற்கு ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே மந்தையில் மேயட்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை காலையில் மேய்ச்சலுக்குப் போகும் முன் தராசில் நிறுத்திக் குறித்துக்கொண்டு வாருங்கள். மூன்று மாதத்தில் ஊசி போட்டவை தெளிவாக முந்தினால் குறைவு உண்மை. முந்தவில்லை என்றால் அந்தச் செலவை நிறுத்திவிடலாம். எல்லாக் குட்டிக்கும் போட்டுவிட்டுத் தேறிவிட்டன என்று சொல்வதில் பொருளில்லை. மழை பெய்து புல் துளிர்த்ததால்கூட அவை தேறியிருக்கலாம்.

எதனால் தேறியது என்று பிரித்துப் பார்க்காமல் பலர் ஏமாந்த நிகழ்வும் கோபால்டில்தான் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இப்படி மெலிந்த ஆடுகளுக்குச் சில வகை இரும்புத் தாதுமண் கொடுத்தபோது தேறின. இரும்புக் குறைவு என்றே நெடுநாள் நம்பினார்கள். தூய இரும்பு பலன் தரவில்லை. ஃபில்மரும் அண்டர்வுட்டும் மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்தத் தாதுமண்ணைக் கூறு கூறாகப் பிரித்து ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அதில் கலந்திருந்த சிறிதளவு கோபால்ட்தான் குணப்படுத்தியது என்று 1935-ல் தெரிந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் மார்ஸ்டனும் லைன்ஸும் அதே ஆண்டு அதே முடிவுக்கு வந்தார்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கரிசல்பட்டி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்துவிட்டு ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். சாணத்தில் புழு முட்டை மிகக் குறைவு. எழ முடியாமல் கிடந்த ஐந்தாவது குட்டியும் இறந்தது. அதைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். முதுகுத்தண்டு நரம்பின் மேலுறை சிதைந்திருப்பதாகத் திசு அறிக்கை சொல்கிறது. அதன் கல்லீரலில் உலர் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் தாமிரம். கறிக்கடைக்குப் போன இரண்டு கிழட்டு ஆடுகளில் 9, 14. பத்துத் தாய் ஆடுகளின் பிளாஸ்மாவில் ஏழில் 0.6-க்குக் கீழே, அந்த ஏழில் ஒன்றில் 0.28. மீதி மூன்று இயல்பான அளவில் இருந்தன. அவற்றை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பேன்.

மேய்ச்சல் தழையில் தாமிரம் 6 பிபிஎம் (கிலோவுக்கு 6 மில்லிகிராம்), மாலிப்டினம் 4. விகிதம் ஒன்றரை. ஆழ்குழாய்த் தண்ணீரில் சல்பேட் மிக அதிகம் என்றும், ஊரணித் தண்ணீரில் குறைவு என்றும் வந்திருக்கிறது. செலினியம் இயல்பு. இந்த மருத்துவ அறிக்கைகளோடு எங்கள் மருத்துவரைப் பார்த்தேன். வரும் ஈற்றுக்கு முன் சினை ஆடுகளுக்குத் தாமிரம் கொடுக்கலாம் என்றார். எப்போது, எவ்வளவு காலம் என்பதில் உங்கள் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 5: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

இவ்வளவு பொறுமையாகச் செய்ததற்கு உங்களைப் பாராட்டுகிறேன். இந்த அறிக்கைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். குட்டியின் மூளை நரம்புக்கு மேலுறை சினையின் நடுப்பகுதியிலும், முதுகுத்தண்டுக்குக் கடைசி மாதத்திலும் பிறந்த பின் சில வாரங்களிலும் உருவாகிறது. ஆகவே சினையின் மூன்றாம் மாதத் தொடக்கத்திலேயே தாயின் கல்லீரல் என்னும் குதிரில் தாமிரத்தை நிரப்பியாக வேண்டும். கடைசி வாரத்தில் கொடுத்துப் பயன் குறைவு. அளவை உங்கள் மருத்துவர் ஒவ்வொரு ஆட்டின் எடையையும் பார்த்துத் தீர்மானிக்கட்டும். தொட்டியில் கலந்து வைக்க வேண்டாம், தலைக்குத் தலை கொடுங்கள். கொடுத்தவற்றுக்குக் காதில் குறியிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுக்கே இரண்டு முறை போகும். கிடாய்களுக்கும் விற்பனைக்கு வைத்திருக்கும் குட்டிகளுக்கும் இந்த முறை வேண்டாம்.

அதைவிட முக்கியமானது, சினைக்காலத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரை விட்டு ஊரணித் தண்ணீருக்கு மாற்ற வழி பாருங்கள். தடையைக் குறைத்தால், கொடுக்க வேண்டிய தாமிரமும் குறையும். தண்ணீரை மாற்றிய பிறகு பழைய அளவிலேயே தாமிரத்தைத் தொடர்ந்தால் கம்பத்து நண்பருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம். ஆகவே ஈற்று முடிந்ததும் பத்து ஆடுகளில் மீண்டும் பிளாஸ்மா எடுங்கள், கறிக்குப் போகும் முதல் இரண்டு ஆடுகளின் கல்லீரலையும் அனுப்புங்கள். 100-ஐத் தாண்டியிருந்தால் அந்த ஆண்டு தாமிரத்தை நிறுத்திவிடுங்கள்.